பழைய கேம் பெட்டிக்கு எதற்கு சப்-ஊஃபர்?

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் ஏதாவது ஒரு தனியார் பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு சப்-ஊஃபர் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. பாட்டு காதுக்கு வந்து சேரும் முன்னால் முதுகெலும்புக்கு வந்து சேர்ந்துவிடும். பாடியது யார், எழுதியது யார், என்ன வரி... ஒன்றும் புரியாது. "டொம் டொம்" மட்டும்தான் மிச்சம். ஆட்டோவில் பேஸ், கல்யாண மண்டபத்தில் பேஸ், திருவிழாவில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளில் பேஸ். நெஞ்சில் இடித்தால்தான் நல்ல சவுண்டு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

சரி, பஸ்ஸை விட்டுவிடலாம். இறங்கினால் முடிந்தது. ஆனால் இதே ஆசை இன்னொரு இடத்திலும் கை வைக்கிறது. காசு போட்டு நின்றபடி ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டிகள் இருக்கின்றனவே, அவற்றைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, வீட்டில் வைத்துக் கொண்டாடும் ஆர்வலர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறைய உண்டு. அவர்களில் ஒரு கூட்டத்துக்கு, பெட்டி கைக்கு வந்ததும் கை அரிக்க ஆரம்பித்துவிடும். கீழ்ப்பலகையில் வட்டமாக ஒரு ஓட்டை. அதற்குள் ஒரு சப்-ஊஃபர். கேட்டால் "அப்கிரேடு" என்பார்கள். இங்கேயும் யாராவது ஒரு பழைய பெட்டியைத் தூசி தட்டி எடுத்தால், "மச்சி, பேஸ் பத்தலடா" என்று சொல்ல ஒரு நண்பன் பக்கத்திலேயே நிற்பான் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இந்தக் கட்டுரையின் கட்சி ஒன்றே ஒன்றுதான். அது அப்கிரேடு இல்லை. அழிப்பு.

முஸ்தபா காலம்

1990களில் தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில்கூட வீடியோ கேம் கடை வந்துவிட்டது. பாதி இருட்டான ஒரு அறை, மூன்று நான்கு பெட்டிகள், ஒரு ரூபாய்க் காசு. ஆடுகிறவன் ஒருவன், வேடிக்கை பார்ப்பவர்கள் பத்துப் பேர். ஜப்பானிய கேப்காம் கம்பெனி 1991ல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2', 1993ல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்டு டைனோசார்ஸ்' இரண்டும்தான் கடையின் சூப்பர் ஸ்டார்கள்.

இரண்டாவது பெயரைச் சொன்னால் பலருக்குப் புரியாது. "முஸ்தபா கேம்" என்று சொன்னால் உடனே புரியும். அமெரிக்கக்காரர் மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த ஒரு காமிக்ஸில் இருந்து எடுத்த கதை அது. ஆடத் தேர்ந்தெடுக்கக்கூடிய நான்கு பேரில் ஒருவன் பெயர் முஸ்தபா. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், எகிப்து என்று ஒரு பெரிய நிலப்பரப்பே கம்பெனி வைத்த பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு அவன் பெயரையே கேமுக்கு வைத்தது. இப்படி ஒரு பெயர் சூட்டு விழா எந்த விளம்பரமும் இல்லாமல் நடந்திருக்கிறது!

இந்தக் கடைகளை யாரும் கௌரவமான இடமாக நினைத்ததில்லை. பையன் அங்கே போகிறான் என்று தெரிந்தால் வீட்டில் முதுகு பழுக்கும். எம்.ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில், வீடியோ கேம் கடைக்குப் போலீஸ் உரிமம் வாங்கத்தான் வேண்டும் என்று 1995ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்புறம் வீட்டுக்கு டிவி கேம் வந்தது, பிரவுசிங் சென்டர் வந்தது, செல்போன் வந்தது. கடைகள் மூடின. பெட்டிகள் காயலான் கடைக்குப் போயின. கௌரவம் இல்லாத பொருளை யார் பாதுகாப்பார்கள்? அதனால்தான் மிஞ்சி இருப்பது கொஞ்சம். மிஞ்சிய கொஞ்சத்தில் ஓட்டை போடுவதா என்பதுதான் கேள்வி.

அந்தச் சத்தம் ஏன் அப்படி இருந்தது?

"பழைய பெட்டியில் சத்தம் டப்பா மாதிரி இருக்கும், பேஸே இருக்காது" என்பதுதான் முதல் குற்றச்சாட்டு. உண்மைதான். ஆனால் ஏன்?

1985ல் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சங்கம் 'ஜாமா' என்ற பொது இணைப்பு முறையைக் கொண்டு வந்தது. 56 முனைகள் கொண்ட ஒரே கனெக்டர். போர்டைக் கழற்றி வேறு போர்டைச் செருகினால் கேம் மாறிவிடும். கடைக்காரருக்கு இது வரப்பிரசாதம். அந்த 56 முனைகளில் ஸ்பீக்கருக்கு ஒதுக்கியது ஒரே ஒரு ஜோடி. அதாவது மோனோ. பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஆறு அங்குலக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் மளமளவென்று பலம் இழந்துவிடும். சப்-ஊஃபரின் ராஜ்ஜியமோ ஏறத்தாழ 20ல் இருந்து 100 ஹெர்ட்ஸ் வரை.

இதைக் குறை என்று பார்த்தால் குறை. ஆனால் கேம் கடை எப்படிப்பட்ட இடம்? நான்கு பெட்டிகள் ஒரே நேரத்தில் கத்தும். நடுவில் பையன்கள் கத்துவார்கள். மேலே ஃபேன். வெளியே பஸ் ஹாரன். இதற்கு நடுவில் ஒரு பெட்டி தன் குரலைக் கேட்க வைக்க வேண்டும். மனிதக் காது எல்லா ஸ்வரத்தையும் ஒரே மாதிரி கேட்பதில்லை என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் காது மிகக் கூர்மை. அடி ஸ்வரங்களில் மந்தம். அந்த மெலிந்த, கீச்சென்ற குரல் இந்தக் கூர்மையான இடத்தில் போய் விழுகிறது. வாசலில் நிற்கிறவனுக்குக்கூட உள்ளே யார் எந்த கேமில் ஜெயிக்கிறான் என்று தெரிந்துவிடும். கூவி விற்கும் வியாபாரி அடித்தொண்டையில் கூவுவதில்லையே!

மாறாக, நான்கு பெட்டிக்கும் சப்-ஊஃபர் வைத்துப் பாருங்கள். அடி ஸ்வரம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம். நான்கும் கலந்து ஒரே கூழாகிவிடும். கேம் கடை போய் மாவு மில் ஆகிவிடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஒரு ஸ்வரத்தின் அடிப்படை அதிர்வைச் சின்ன ஸ்பீக்கர் கொடுக்காவிட்டாலும், அதன் மடங்குகளைக் கொடுத்தால் போதும். விடுபட்ட அடிப்படையை மூளை தானே கேட்டுக்கொள்கிறது. டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்பது இதனால்தான். ஆக, அந்தப் பெட்டியில் பேஸ் இல்லவே இல்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. கேட்கிறவன் தலைக்குள் அது இருந்தது.

எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

எதிர்க்கட்சிக்கு நான்கு வாதங்கள் உண்டு. நான்கும் முட்டாள்தனம் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒன்று: "ஸ்பேஸ் இன்வேடர்ஸைக் கேளுங்கள். அதன் உயிரே பேஸ்தான்." 1978ல் டைட்டோ கம்பெனிக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய கேம் அது. நான்கே ஸ்வரங்கள், இதயத் துடிப்பு மாதிரி, இறங்கு முகமாகத் திரும்பத் திரும்ப வரும். எதிரிகள் குறையக் குறையத் துடிப்பு வேகமாகும். (எதிரிகள் குறைந்தால் வரைய வேண்டிய வேலை குறையும், மெஷின் தானாகவே வேகம் எடுக்கும். நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார்.) இங்கே பயம் எங்கிருந்து வருகிறது? ஆழத்தில் இருந்து இல்லை, வேகத்தில் இருந்து. மலிவான சப்-ஊஃபர் பெட்டி தனக்குப் பிடித்த ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, அடித்து முடித்த பிறகும் முனகிக்கொண்டிருக்கும். துடிப்பு வேகமாகும்போது முந்தின ஸ்வரத்தின் வால் அடுத்த ஸ்வரத்தின் மேல் விழும். எந்த இடத்தில் பயம் உச்சத்துக்குப் போக வேண்டுமோ அந்த இடத்தில் வெறும் "ம்ம்ம்ம்" என்று ஒரு உறுமல். நல்ல பேஸ் சேர்க்கப் போய் நல்ல கேமைக் கெடுத்த கதை.

இரண்டு: "அந்தக் காலத்தில் செலவு பார்த்துத்தான் வைக்கவில்லை. வசதி இருந்தால் கம்பெனியே வைத்திருக்கும்." அதே டைட்டோ 1980களில் 'டேரியஸ்' என்ற கேமை வெளியிட்டது. பக்கவாட்டில் மூன்று திரைகள். உட்காரும் பலகையிலேயே 'பாடி சோனிக்' என்று ஒரு அதிரும் கருவி. பெரிய எதிரி வந்தால் ஆடுகிறவனின் உடம்பே அதிரும். வேண்டும் என்று நினைத்தவர்கள் வைத்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அது வைத்தவனின் யோசனை. டேரியஸில் இருந்து அந்தக் கருவியைப் பிடுங்கினால் எவ்வளவு தப்போ, மற்ற பெட்டியில் புதிதாகத் திணிப்பதும் அவ்வளவு தப்பு.

மூன்று: "என் காசு, என் பெட்டி, என் வீடு." காசும் பெட்டியும் சரி. வீடு? அடி ஸ்வரம் சுவரை மதிப்பதில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வைத்தன. ஆனால் அந்த எல்லை 'ஏ' எடையிட்ட அளவில் வைத்தது. அந்தக் கணக்கில் 50 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு 30 டெசிபல் தள்ளுபடி! அதாவது பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஜன்னல் நடுங்கினாலும் மீட்டர் முள் கிட்டத்தட்ட தூங்கும். சட்டம் பிடிக்காது என்பதற்காகப் பாட்டிக்குத் தூக்கம் வந்துவிடுமா?

நான்கு: இதுதான் வலுவான வாதம். "இங்கே ஒரிஜினல் என்று எது இருந்தது? உள்ளூர் ஆசாரி அடித்த பிளைவுட் பெட்டி, பழைய டிவி டியூப், நகல் போர்டு. இதில் எதைப் பாதுகாப்பது?"

இதற்குத்தான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். ஜப்பானிய, அமெரிக்கப் பெட்டிகளுக்கு அச்சடித்த கையேடு உண்டு, வரைபடம் உண்டு, அருங்காட்சியகங்களும் உண்டு. ஒன்றை உடைத்தாலும் இன்னொன்றை வைத்துக் கணக்குப் போடலாம். உள்ளூர் ஆசாரி அடித்த பெட்டிக்கு என்ன ஆவணம் இருக்கிறது? ஸ்பீக்கரை எந்த உயரத்தில் வைத்தார், முன்பலகையில் எத்தனை துளை போட்டார், எந்தப் பழைய ரேடியோவில் இருந்து அந்தக் கூம்பை எடுத்தார்? அந்தப் பெட்டியேதான் கையேடு, அதுவேதான் வரைபடம். ஒரிஜினல் இல்லை என்று சொல்லி ஓட்டை போடுகிறவர்கள், உலகத்தில் ஒரே ஒரு பிரதி உள்ள புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஓட்டை போடுகிறார்கள்.

கேமைக் காப்பாற்ற மென்பொருள் இருக்கிறதே என்றும் சிலர் கேட்கலாம். இருக்கிறது. 1997ல் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய 'மேம்' ஆயிரக்கணக்கான கேம்களைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வந்தது. மகத்தான வேலை. ஆனால் ஸ்பேஸ் இன்வேடர்ஸின் சத்தம் நிரலில் இல்லை. மின்தேக்கியும் மின்தடையும் சேர்ந்த சர்க்யூட்டில் இருந்தது. அதனால் மேம் நீண்ட காலம் உண்மைப் பெட்டியில் இருந்து பதிவு செய்த ஒலித் துண்டுகளைத்தான் நம்பி இருந்தது. சிப்பை நகல் எடுக்கலாம். சிப்பில் இருந்து கூம்புக்கும், கூம்பில் இருந்து மரத்துக்கும், மரத்தில் இருந்து காதுக்கும் வந்த அந்த ஒலியை எங்கே நகல் எடுப்பது?

மரம், காந்தம், மின்சாரம்

தத்துவம் பிடிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் நடைமுறை.

பெரிய ஸ்பீக்கருக்குப் பெரிய காந்தம். கவசம் இல்லாத காந்தத்தைப் பழைய பிக்சர் டியூபுக்குப் பக்கத்தில் கொண்டு போனால் திரையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு விழும். முஸ்தபா முகத்தில் பாதி பச்சை!

பழைய போர்டில் பல சிப்கள் சாக்கெட்டில் செருகி நிற்பவை. டியூப் சேசிஸில் இருக்கும் ஈயப் பற்றுகள் இருபது முப்பது வருடச் சூட்டில் ஏற்கெனவே இறுகி விரிசல் விட்டவை. அதே மரப்பெட்டிக்குள் தினமும் நிலநடுக்கம் நடத்தினால் சாக்கெட் தளரும், பற்று விடும். அப்புறம் "திடீர்னு படம் போயிடுச்சு" என்று புலம்பிப் பயன் இல்லை.

அடுத்து இரைச்சல். இங்கே வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய பவர் சப்ளையில் மின்தேக்கி காய்ந்து போனால் 50லும் 100லும் ஒரு ரீங்காரம் கசியும். சின்ன ஸ்பீக்கர் அதைப் பெருந்தன்மையாக மறைத்துவிடும். சப்-ஊஃபரோ அதைத்தான் முதலில் தூக்கிப் பிடிக்கும். கேம் பாட்டு வராவிட்டாலும் மின்வாரியப் பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. பல போர்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் கம்பி கிரவுண்டு இல்லை. அதைத் தெரியாமல் ஆம்பிளிஃபயரின் உள்ளீட்டில் இணைத்தால் போர்டில் இருக்கும் பழைய ஆம்ப் சிப் புகைந்துவிடும். அதற்கு மாற்று தேடி அலைய வேண்டும். தவிர, டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும், சுவிட்சை அணைத்த பிறகும் தங்கி இருக்கும். விஷயம் தெரியாதவர்கள் உள்ளே கை விடக்கூடாது.

பக்கத்தில் இருக்கும் பாடம்

இதற்கெல்லாம் பெரிய உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலின் விமானம், அப்பா ராஜராஜன் தஞ்சாவூரில் கட்டியதைவிட உயரம் குறைவு. பார்க்க வருகிற எல்லோரும் இதைச் சொல்லாமல் போவதில்லை. அதற்காக, "உயரம் பத்தலப்பா, மேலே ரெண்டு தளம் கான்கிரீட்டில் போட்டு அப்கிரேடு பண்ணுவோம்" என்று யாராவது சொன்னால் ஊர் சும்மா விடுமா? அந்த உயரமும் அந்த வளைவும்தான் அந்தக் கோயில். 2004ல் யுனெஸ்கோ தஞ்சைக் கோயிலோடு அதையும் உலகப் பாரம்பரியச் சின்னத்தில் சேர்த்தது, தஞ்சை மாதிரி இருக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை. அது அதுவாக இருப்பதற்காகவும்தான்.

அதே ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. 1836ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, கோயிலின் பெரிய சுற்றுமதிலைப் பிரித்துக் கல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். கெட்ட எண்ணம் இல்லை. பாசனத்துக்கு அணை வேண்டும், பக்கத்தில் இடிந்த மதில் கிடக்கிறது, யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. நல்ல காரியம்தான். ஆனால் போன மதில் போனதுதான். இன்றைக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் திரும்பி வராது. கும்பகோணம் பஸ்ஸில் அணைக்கரைப் பாலத்தைத் தாண்டுகிறவர்கள் யாரும் கீழே தண்ணீரில் ஒரு கோயில் மதில் நிற்கிறது என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

கேம் பெட்டியும் கோயிலும் ஒன்றா என்று சண்டைக்கு வர வேண்டாம். ஒன்று இல்லை. ஆனால் தவறு ஒன்றுதான். மதிக்காத காலத்தில் கை வைப்பது, மதிக்கும் காலத்தில் தேடுவது.

அப்படியானால் பேஸே கூடாதா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்கு வெளியே. தனியாக ஒரு சப்-ஊஃபர் பெட்டியைத் தரையில் தள்ளி வையுங்கள். ஸ்பீக்கர் கம்பியில் இருந்து நேராக இழுக்காமல், கார் ஆடியோ கடைகளில் கிடைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லெவல் கன்வெர்ட்டர் மூலமாக எடுங்கள். 80 ஹெர்ட்ஸுக்கு மேல் போக விடாதீர்கள். பழைய காகிதக் கூம்பைக் கழற்றாதீர்கள். ஒரே விதி: பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி, பெட்டியைப் பழையபடி நிறுத்த முடிய வேண்டும். ரம்பம் எடுத்தால் விதி முறிந்தது.

இன்னும் பெரிய ஆசை இருந்தால் புதிதாக ஒரு பிளைவுட் பெட்டி அடித்து, ராஸ்ப்பெரி பை போட்டு, இரண்டு என்ன, நான்கு சப்-ஊஃபர் வையுங்கள். அதில் முஸ்தபா அடித்தால் தெருவே அதிரட்டும். பாட்டியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆனால் அந்தப் பழைய பெட்டியை விட்டுவிடுங்கள். ஒரு ரூபாய்க்குக் காத்து நின்ற பையன்களின் காதில் விழுந்த அதே மெலிந்த குரலில் அது பேசட்டும். பேஸ் பத்தாது என்று அன்றைக்கு அந்தக் கடையில் ஒருத்தனும் கேட்டதில்லை. காசு பத்தாது என்றுதான் கேட்டான்.

பி.கு: பழைய ஸ்பீக்கரில் கூம்பின் ஓரம் கிழிந்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம். பழைய ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்கள் மெல்லிய தாளும் பசையும் வைத்து ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். அப்கிரேடு என்ற சொல்லுக்குப் பொருத்தமான வேலை அதுதான் :-)